டெக்சாஸில் கரண்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பில் எகிறாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"அண்ணா, இந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க. போன மாசம் 1,340 யூனிட், 172 டாலர் வந்துச்சு. இந்த மாசம் ஏசியே அவ்வளவா போடலீங்க, 987 யூனிட்தான். ஆனா 201 டாலர் போட்டிருக்கான்."

மீட்டர் தப்பாக ஓடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். சமையலறை மேசையில் உட்கார்ந்து பில்லை வரிவரியாகப் பார்த்தோம். மீட்டரில் குறை எதுவும் இல்லை. அவர் எடுத்திருந்த பிளானில், மாதம் 1,000 யூனிட் எரித்தால் 100 டாலர் கழிவு உண்டு. 987 எரித்ததால் அந்தக் கழிவு கிடைக்கவில்லை. இன்னும் 13 யூனிட் எரித்திருந்தால் 104 டாலரோடு முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறும். அதனால் லைட்டை அணை, ஃபேனை அணை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். குறைவாக எரித்தால் குறைவாகக் கட்டலாம் என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. இங்கே அதே சிக்கனத்துக்காக ஒரு குடும்பம் கிட்டத்தட்ட 97 டாலர் கூடுதலாகக் கட்டியது. அந்த மேசையில் அவருக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் புதிதாக வந்திறங்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் வீட்டுக்குத் தேர்வு உண்டா என்று பாருங்கள்

டெக்சாஸில் வீடுகளுக்கான மின்சாரச் சந்தை 2002 ஜனவரி 1 அன்று திறந்துவிடப்பட்டது. அதற்கான சட்டம் 1999ல் வந்தது. ஆனால் கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்கும் இந்த வசதி மாநிலம் முழுவதும் கிடையாது. ஆஸ்டினில் மின்சாரம் நகராட்சியின் ஆஸ்டின் எனர்ஜியிடமிருந்துதான் வரும். சான் ஆன்டோனியோவில் சிபிஎஸ் எனர்ஜி. டல்லாஸ் பக்கத்திலேயே கார்லண்டும் டென்டனும் சொந்தமாக நகராட்சி மின்சாரம் வைத்திருக்கின்றன. ஃப்ரிஸ்கோ போன்ற ஊர்களில் ஒரு தெருவுக்கு கோசெர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் கரண்ட் தரும், அடுத்த பகுதிக்குப் போனால் தேர்வு இருக்கும். வீடு பார்க்கும்போதே, இங்கே கரண்ட் யாருடையது என்று வீட்டு உரிமையாளரிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டுவிடுங்கள். தேர்வு இல்லாத இடம் என்றால், கீழே பயன்பாட்டைக் குறைப்பது பற்றி எழுதியிருக்கும் பகுதி மட்டும் உங்களுக்குப் போதும்.

இரண்டாம் படி: யார் யார் என்ன வேலை செய்கிறார்கள்

ஊரில் ஈபி ஒன்றுதான். கம்பம், கம்பி, மீட்டர், பில் எல்லாம் அதே அலுவலகம். இங்கே அது பிரிந்து கிடக்கிறது. கம்பியும் மீட்டரும் ஒரு கம்பெனியுடையவை. டல்லாஸ் வட்டாரத்தில் பெரும்பாலும் ஆன்கோர், ஹூஸ்டனில் சென்டர்பாயின்ட், வேறு சில பகுதிகளில் ஏஇபி டெக்சாஸ், டிஎன்எம்பி. இவர்களை நீங்கள் மாற்ற முடியாது. கரண்ட் போனால் கூப்பிட வேண்டியது இவர்களைத்தான். நீங்கள் தேர்ந்தெடுப்பது பில் அனுப்பும் சில்லறை விற்பனைக் கம்பெனியை மட்டும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் வருவது அதே கம்பி வழியாக, அதே கரண்ட். விலை கூடிய கம்பெனி என்பதற்காக வோல்டேஜ் கூடுதல் நன்றாக இருந்துவிடாது. விலை குறைந்த கம்பெனி என்பதால் அடிக்கடி கரண்ட் போகாது. கம்பெனியை மாற்றும்போது ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்பதில்லை. வாங்கிய கம்பெனி திவாலாகிவிட்டாலும் 'கடைசி வழங்குநர்' என்று அரசு குறித்து வைத்திருக்கும் வேறொரு கம்பெனிக்கு உங்கள் இணைப்பு தானாகவே போய்விடும். அங்கே விலை கூடுதலாக இருக்கும் என்பதால், உடனே வேறு பிளானுக்கு மாறிக்கொள்ள வேண்டும். ஆகவே பெயர் பெரிதா சிறிதா என்று பயப்படாமல், பிளானைப் பாருங்கள்.

மூன்றாம் படி: உங்கள் 12 மாத யூனிட் கணக்கை எடுங்கள்

இதைச் செய்யாமல் பிளான் தேடுவது அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. பலரும் இந்தப் படியைத் தாண்டித்தான் நேராக விலைப் பட்டியலுக்குப் போகிறார்கள்.

ஏற்கெனவே ஒரு வருடம் அதே வீட்டில் இருப்பவர்கள் பழைய பில்களைப் பார்த்து மாதம் மாதமாக எழுதிக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி, ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் என்ற இணையதளம். இலவசம்தான். பில்லில் இருக்கும் மீட்டர் எண்ணையும் இஎஸ்ஐ ஐடி என்ற நீண்ட எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்தால், 15 நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் வீடு எவ்வளவு எரித்தது என்பதுவரை காட்டும். பகல் 4 மணியிலிருந்து 8 மணி வரை ஏசி எப்படி இழுக்கிறது என்பதை ஒருமுறை அந்த வரைபடத்தில் பார்த்துவிட்டால், பிறகு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிதாகக் குடிவந்தவர்கள் என்ன செய்வது? அதே பில்டர் கட்டிய, அதே அளவு வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். தோராயமாக ஒரு அளவு சொல்கிறேன். ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் பல மாதங்கள் 500 யூனிட் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு ஏசி உள்ள மாடி வீட்டில் ஜூலை, ஆகஸ்டில் 2,000 யூனிட்டைத் தாண்டுவது சாதாரணம். அதே வீடு மார்ச்சில் 700க்கு இறங்கும். வருடத்துக்கு எவ்வளவு என்ற ஒற்றை எண்ணை விட இந்த ஏற்ற இறக்கம்தான் முக்கியம். 12 எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள்.

குளிர்காலத்தை மறந்துவிடாதீர்கள். வீட்டில் கேஸ் ஹீட்டரா, கரண்ட் ஹீட்டரா என்று பாருங்கள். எல்லாமே கரண்டில் ஓடும் அபார்ட்மென்ட்டாக இருந்தால் ஜனவரி பில் ஆகஸ்ட் பில்லையே மிஞ்சக்கூடும்.

நான்காம் படி: விலைப் பட்டியலைத் திறங்கள், ஆனால் முதல் வரியை நம்பாதீர்கள்

மாநில அரசின் பப்ளிக் யுடிலிட்டி கமிஷன் நடத்தும் தளம் 'பவர் டு சூஸ்'. உங்கள் ஜிப் கோடைக் கொடுத்தால் பிளான்கள் வரிசையாக வரும். அதேபோன்ற பெயரில் தனியார் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குக் கம்பெனிகளிடமிருந்து கமிஷன் உண்டு. அதனால் அரசுத் தளத்திலிருந்தே தொடங்குங்கள்.

அங்கே வரிசை சாதாரணமாக 1,000 யூனிட்டுக்கு என்ன விலை என்பதை வைத்து வரும். கம்பெனிகளுக்கும் இது தெரியும். சரியாக 1,000 யூனிட்டில் மட்டும் விலை தாழ்ந்து தெரியும்படி பிளானை வடிவமைத்தால் பட்டியலின் உச்சியில் வந்துவிடலாம். தம்பி எடுத்த பிளானும் அப்படி உச்சியில் இருந்ததுதான்.

இதைத் தவிர்க்க அந்தத் தளத்திலேயே ஒரு வடிகட்டி உண்டு. குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணமோ கழிவோ இல்லாத பிளான்களை மட்டும் காட்டு என்று தேர்ந்தெடுங்கள். பட்டியல் சுருங்கும். உச்சியில் இருந்த கவர்ச்சி விலைகள் காணாமல் போகும். மீதி இருப்பவைதான் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவை. கூடவே, ஒவ்வொரு கம்பெனி மீதும் வந்த புகார்களை வைத்துக் கமிஷன் கொடுத்திருக்கும் நட்சத்திர மதிப்பீட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இஎஃப்எல் என்ற தாளைப் படியுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டுமாவது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பிளானுக்கும் எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள் என்ற விவரத்தாள் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. சுருக்கமாக இஎஃப்எல். மேலேயே 500, 1,000, 2,000 யூனிட்டுகளுக்குச் சராசரி விலை போட்டிருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அந்தச் சராசரி எப்படி வந்தது என்று இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

தம்பியின் தாளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன், வரி போன்ற சில்லறைகளை விட்டுவிட்டேன். மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 15 சென்ட். கம்பிக்காரருக்குப் போகும் விநியோகக் கட்டணம் யூனிட்டுக்கு 5 சென்ட், அதோடு மாதம் 4 டாலர். 1,000 யூனிட்டும் அதற்கு மேலும் எரித்தால் 100 டாலர் கழிவு.

இப்போது போட்டுப் பாருங்கள். 1,000 யூனிட்டுக்கு 200 டாலர், கூட 4, அதில் கழிவு 100. மொத்தம் 104 டாலர். யூனிட்டுக்கு 10.4 சென்ட் என்று அழகாகத் தெரியும். 500 யூனிட்டுக்கு 100 டாலர், கூட 4, கழிவு இல்லை. அதுவும் 104 டாலர்தான்! பாதி எரித்தவரும் முழுதாக எரித்தவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். 2,000 யூனிட்டுக்கு 404 டாலரில் 100 போக 304. யூனிட்டுக்கு 15.2 சென்ட். விளம்பரத்தில் வந்த 10.4 என்ற விலை 1,000 என்ற ஒரே புள்ளியில்தான் உண்மை. அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் வந்தாலும் அது கிடையாது.

அதனால் மேலே உள்ள மூன்று சராசரிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். 500க்கு 14 சென்ட், 1,000க்கு 13.6, 2,000க்கு 13.4 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது நேரான பிளான். 20.8, 10.4, 15.2 என்று குதித்தால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு பார்வையிலேயே பாதிப் பிளான்களை ஒதுக்கிவிடலாம்.

பிறகு கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். பிளான் 'ஃபிக்ஸ்ட்' வகையா, 'வேரியபிள்' வகையா? ஒப்பந்தம் எத்தனை மாதம்? இடையில் விலகினால் எவ்வளவு அபராதம்? 1,000 யூனிட்டுக்குக் கீழே போனால் தனிக் கட்டணம் உண்டா? மாதாந்திர நிலைக் கட்டணம் எவ்வளவு? கார்டில் தானாகக் கட்டும் வசதியை எடுக்காவிட்டால் விலை மாறுமா? இத்தனைக்கும் பதில் அந்தத் தாளிலும், கூட வரும் டெர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ் என்ற ஒப்பந்த விதிமுறைத் தாளிலும் இருக்கும்.

ஃபிக்ஸ்ட் என்றால் எல்லாமே நிலையானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரத்தின் விலை மட்டும்தான் கட்டிப்போடப்படுகிறது. கம்பிக்காரரின் விநியோகக் கட்டணம் பெரும்பாலும் மார்ச், செப்டம்பரில் மாறும். அந்த மாற்றம் உங்கள் பில்லில் அப்படியே ஏறும் அல்லது இறங்கும். எந்தக் கம்பெனியிடம் இருந்தாலும் அது ஒன்றுதான்.

ஆறாம் படி: பிளான் வகையை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கழிவு, இலவசம் எதுவும் இல்லாத நேரான ஃபிக்ஸ்ட் பிளான், 12 மாதம் அல்லது அதைச் சுற்றி. பில்லில் ஆச்சரியம் இருக்கக் கூடாது என்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

'இரவில் இலவசம்', 'வார இறுதியில் இலவசம்' என்று வரும் பிளான்களில் பகல் விலை நன்றாகவே கூடியிருக்கும். டெக்சாஸ் கோடையில் ஏசி அதிகம் இழுப்பது மதியத்துக்குப் பின்னிருந்து மாலை வரை. குழந்தைகள் பள்ளி விட்டு வரும் நேரம், சமையல் நேரம் எல்லாம் அதே கூடுதல் விலைக்குள் விழும். மின்சாரக் காரை நள்ளிரவில் சார்ஜ் செய்பவர்களுக்கு இது ஒத்துவரலாம். ஸ்மார்ட் மீட்டர் கணக்கைப் பார்த்து, மொத்தத்தில் எத்தனை சதவீதம் அந்த இலவச நேரத்தில் வருகிறது என்று போட்டுப் பார்த்த பிறகே எடுங்கள். வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்து பகல் முழுக்க ஏசி ஓடும் என்றால் இது வேண்டவே வேண்டாம்.

வேரியபிள் பிளானில் மாதத்துக்கு மாதம் கம்பெனி விலையை மாற்றலாம். அபராதம் இல்லை என்பதால், இரண்டு மாதத்தில் வீடு மாறப் போகிறவர்களுக்கு உதவும். மற்றவர்கள் தள்ளியே இருங்கள்.

மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்தும் பிளான் ஒரு காலத்தில் இருந்தது. கிரிடி என்ற கம்பெனி மாதம் 9.99 டாலர் வாங்கிக்கொண்டு அந்த விலையிலேயே கரண்ட் கொடுத்தது. சாதாரண நாட்களில் மலிவாகத்தான் இருந்தது. 2021 பிப்ரவரியில் உரி என்ற பனிப்புயல் வந்தது. மின் நிலையங்கள் முடங்கின, மொத்த விலை ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டு நாள்கணக்கில் அங்கேயே நின்றது. அதாவது நாம் சொல்லும் ஒரு யூனிட்டுக்கு 9 டாலர். வீட்டைச் சூடாக வைத்திருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அடுத்த மாதமே கிரிடி திவால் மனு போட்டது, கட்டாத பாக்கிகள் பிறகு தள்ளுபடியாயின. அதே வருடம் வீடுகளுக்கு அப்படிப்பட்ட பிளான் விற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நேரான ஃபிக்ஸ்ட் பிளானில் இருந்தவர்களுக்கு அந்த வாரமும் யூனிட் விலை மாறவில்லை. இதற்காகத்தான் ஒரு சென்ட் கூடுதலாக இருந்தாலும் ஃபிக்ஸ்ட் எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கூரையிலிருந்து திரும்ப அனுப்பும் மின்சாரத்துக்கு அதே விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கம்பெனிகளுக்குக் கிடையாது. என்ன விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்பதைப் பிளானுக்குப் பிளான் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள்

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் எங்கள் ஒப்பந்தம் ஜூன் 20ஆம் தேதி முடிந்தது. நாங்கள் தஞ்சாவூரில், ஒரு கல்யாணத்தில். கம்பெனி அனுப்பிய அறிவிப்புகள் நான் எப்போதோ பார்ப்பதை நிறுத்திவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் எங்களை மாதாமாதம் விலை மாறும் பிளானில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து ஜூலை முழுக்க ஏசி போட்டோம், 2,140 யூனிட். எல்லாம் சேர்த்து 12.5 சென்ட்டாக இருந்த விலை 23.5 ஆகியிருந்தது. 268 டாலரோடு போக வேண்டிய பில் 503 டாலர் வந்தது. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது விதி கொஞ்சம் உதவியாக இருக்கிறது. ஃபிக்ஸ்ட் ஒப்பந்தத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்துக்குள் கம்பெனி மூன்று முறை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் வேறு கம்பெனிக்கு மாறினால் அபராதம் கிடையாது. ஆகவே பதிவு செய்த அன்றே, முடிவு தேதிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நினைவூட்டல், 14 நாள் முன்னால் இன்னொன்று என்று கணவன் மனைவி இருவர் போனிலும் போட்டு வையுங்கள்.

ஒப்பந்தம் கோடையில் முடியாதபடி பார்த்துக்கொள்வதும் நல்லது. வெயில் உச்சத்தில் புதுப் பிளான்களின் விலையும் பெரும்பாலும் ஏறியிருக்கும். ஆகஸ்டில் பிளான் தேட வேண்டிய நிலை வந்தால், 12 மாதம் எடுக்காமல் 8 மாதமோ 15 மாதமோ கிடைக்கிறதா பாருங்கள். அடுத்த முறை ஏப்ரலிலோ நவம்பரிலோ நிதானமாகத் தேடலாம்.

எட்டாம் படி: பதிவு செய்வது

இது பத்து நிமிட வேலை. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் முகவரி, இஎஸ்ஐ ஐடி கொடுத்துப் பதியுங்கள். இஎஃப்எல், டெர்ம்ஸ் ஆஃப் சர்வீஸ் இரண்டையும் அன்றே பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் பத்திரம். பழைய கம்பெனியைக் கூப்பிட்டு ரத்து செய்யாதீர்கள். புதிய கம்பெனி பதிந்தாலே மாற்றம் தானாக நடக்கும். நீங்களே முந்திக்கொண்டு ரத்து செய்தால் கரண்ட் நின்றுபோகும் ஆபத்து உண்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கம்பெனி மட்டும் மாறுபவர்களுக்கு, ஆவணம் கையில் கிடைத்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் அபராதமின்றி விலகும் உரிமையும் இருக்கிறது.

புதிதாக நாட்டுக்கு வந்தவர்களிடம் கிரெடிட் வரலாறு இருக்காது, அதனால் டெபாசிட் கேட்பார்கள். கேட்டால் பதறாதீர்கள். 12 மாதம் தவறாமல் நேரத்துக்குக் கட்டினால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பது விதி. டெபாசிட் வேண்டாம் என்று பிரீபெய்ட் பிளானுக்குப் போனால் யூனிட் விலை கூடுதல். கணக்கில் பணம் தீர்ந்தால் கரண்ட் நிற்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது சரிவராது.

இந்தியக் கடை வாசலிலும் கோயில் விழாவிலும் மேசை போட்டு, "உங்க பில்லைக் காட்டுங்க சார், எவ்வளவு மிச்சம்னு சொல்றேன்" என்பவர்களிடம் பில்லைக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் எண்ணை வைத்து உங்களைக் கேட்காமலே கம்பெனியை மாற்ற முடியும். நம் மொழியில் பேசுகிறார் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். இஎஃப்எல் தாளை வாங்கிக்கொண்டு, "வீட்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நகர்ந்துவிடுங்கள். ஒருவேளை கேட்காமல் மாற்றிவிட்டால் பப்ளிக் யுடிலிட்டி கமிஷனில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

ஒன்பதாம் படி: பயன்பாட்டைக் கட்டுக்குள் வைப்பது

பிளான் சரியாக இருந்தாலும் யூனிட் எகிறினால் பில் எகிறும். இங்கே பெரிய தின்னி ஏசிதான். எல்ஈடி பல்பு, போன் சார்ஜர் என்று சின்னவற்றில் மனதைச் செலவழிக்க வேண்டாம். கோடையில் தெர்மோஸ்டாட்டை 78 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துச் சீலிங் ஃபேனைப் போடுங்கள். நமக்குத்தான் ஃபேன் பழக்கமாயிற்றே. ஏசி ஃபில்டரை மாதா மாதம் எடுத்துப் பாருங்கள், தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு மதியம் திரையை இழுத்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஹீட் பம்ப் (ஏசி மாதிரியே ஓடி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) உள்ள வீடுகளில் தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வீடு சீக்கிரம் சூடாகட்டும் என்று நம்மவர்கள் பலர் அதைத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது பெரிய இஸ்திரிப் பெட்டி மாதிரி, கம்பியைச் சூடாக்கி வேலை செய்வது. ஹீட் பம்ப் எடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு கரண்ட் எடுக்கும். ஹீட் பம்ப் பழுதானால் மட்டும் அதைத் தொடுங்கள்.

மாதா மாதம் ஒரே தொகை கட்டும் 'ஆவரேஜ் பில்லிங்' வசதி சில குடும்பங்களுக்குக் கையைக் கடிக்காமல் இருக்க உதவும். ஆனால் அது தள்ளுபடி இல்லை. கோடையில் கட்டாமல் விட்டது குளிர்காலத்தில் வரும், கணக்கை மூடும்போது மீதியையும் கேட்பார்கள். பில்லின் மேலே பெரிதாக இருக்கும் தொகையை மட்டும் பார்க்காமல், உண்மையில் எத்தனை யூனிட், எவ்வளவு பாக்கி என்ற வரிகளையும் மாதா மாதம் பாருங்கள்.

பத்தாம் படி: தப்பான பிளானில் மாட்டிக்கொண்டால்

வீடு மாறுகிறீர்கள் என்றால் கவலை இல்லை. புதிய முகவரிக்கான சான்றைக் கொடுத்தால் அபராதம் கேட்கக் கூடாது. அதே வீட்டில் இருந்துகொண்டு விலக வேண்டுமென்றால் கணக்குப் போட வேண்டும்.

தம்பிக்கு அன்று அதையும் போட்டோம். ஒப்பந்தம் மே மாதம் வரை, விலகினால் 150 டாலர். எங்கள் இருவர் வீடும் ஒரே பில்டர், ஒரே அளவு, இரண்டிலும் கேஸ் ஹீட்டர். அதனால் எங்கள் வீட்டின் முந்தைய வருட எண்களை எடுத்து, அவர்கள் சிக்கனத்துக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். நவம்பர் 700, டிசம்பர் 850, ஜனவரி 1,050, பிப்ரவரி 900, மார்ச் 650, ஏப்ரல் 720, மே 1,150. ஏழு மாதத்தில் 1,000ஐத் தாண்டுவது இரண்டே மாதம். இருந்த பிளானிலேயே தொடர்ந்தால் 1,032 டாலர். எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 13.5 சென்ட், மாதம் 4 டாலர் என்று ஒரு நேரான பிளான் கிடைத்தது. அதில் அதே 6,020 யூனிட்டுக்கு ஏறக்குறைய 841 டாலர். வித்தியாசம் 191. அபராதம் 150 போனாலும் 41 டாலர் மிச்சம்.

41 டாலருக்காக இத்தனை பாடா என்று அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். "1,000 ஆச்சா, ஆகலையான்னு மாசக் கடைசில மீட்டரைப் பாத்துட்டே இருக்க என்னால ஆகாதுங்க" என்றார் தம்பி. அன்று மாலையே மாற்றிப் பதிந்தார்கள்.

நவம்பரில் 712 யூனிட் எரித்தார்கள். பில் 100 டாலர் 12 சென்ட். பழைய பிளானில் இருந்திருந்தால் 146 டாலர் 40 சென்ட்.